மூன்று படிகளும் பழையவை என்றால் காப்புரிமை செல்லாதா?

கேள்வி இதுதான்: ஓர் உற்பத்தி முறைக்கு ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதில் மூன்று படிகள். தேடிப் பார்த்தால் மூன்றும் தனித்தனியாக மூன்று பழைய காப்புரிமைகளில் கிடைக்கின்றன. 'இருப்பதை எடுத்துக் கோத்திருக்கிறார், அவ்வளவுதானே? இதைக் காட்டினால் ரத்தாகிவிடாதா?'

அது மட்டும் போதாது. உற்பத்தி முறை சம்பந்தப்பட்ட காப்புரிமைகளோடுதான் என் வேலை, அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். மூன்று தாள்களில் வண்ணம் தீட்டி, 'இதோ முதல் படி, இதோ இரண்டாவது, இதோ மூன்றாவது' என்று அட்டவணை போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த அட்டவணை தேவைதான், ஆனால் அது வேலையின் தொடக்கம். சூடாக்குவது, அழுத்துவது, கரைப்பது, வடிகட்டுவது, குளிர்விப்பது என்று எந்த உற்பத்தி முறையைப் பிரித்தாலும் பழைய படிகள்தான் வரும். பாகங்கள் பழையவை என்பதே போதும் என்றால் உலகத்தில் ஒரு செய்முறைக் காப்புரிமைகூட மிஞ்சாது.

கேட்க வேண்டியது வேறு. காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தத் தேதியில், அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், அந்தச் சிக்கலை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த மூன்றையும் இப்படிச் சேர்க்க அவருக்குக் காரணம் இருந்திருக்குமா? இதற்குள்ளேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. நான் அதைத்தான் முதலில் கேட்பேன்: சிக்கல் எதனால் வருகிறது என்பது அந்தத் தொழிலுக்கு அப்போது தெரிந்திருந்ததா? உற்பத்தி முறை வழக்குகளில் பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் கருத்து. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். ஒன்றில் காப்புரிமை விழுந்தது, இன்னொன்றில் நின்றது.

விழுந்தது நம் நாட்டு வழக்கு. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் போன ஊர். அங்கே ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1951 டிசம்பர் 13 தேதியிட்ட 46368 என்ற எண்ணுள்ள காப்புரிமையை வைத்திருந்தது. பாத்திரங்களை லேத்தில் பொருத்திக் கடையும் முறைக்கும் அதற்கான சாதனத்துக்கும் கிடைத்த காப்புரிமை அது. அதே ஊரில் பாத்திரம் செய்துகொண்டிருந்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற நிறுவனம் தங்கள் முறையைப் பயன்படுத்துகிறது என்று வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு, காப்புரிமையே செல்லாது, ரத்து செய்யுங்கள் என்றது.

சிக்கல் உண்மையானது. பழைய முறையில் தட்டை, லேத்தின் சுழற்றும் முனையான ஹெட்ஸ்டாக் பக்கம் மட்டும் பிடித்துவைத்துச் சுழலவிடுவார்கள். உளி பட்டுச் சுரண்டும்போது பிடி விட்டால் தட்டு பறந்துவரும். ஆளுக்கு ஆபத்து, வேலையும் கெடும். காப்புரிமை சொன்ன தீர்வு, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் தண்டைக் கொண்டு தட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வது. இரண்டு பக்கமும் பிடி இருந்தால் தட்டு பறக்காது, வேகமும் கூடும், மெருகும் நன்றாக வரும்.

பயனுள்ள மாற்றம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் லேத்தைப் பார்த்த எவருக்கும் டெயில்ஸ்டாக் எதற்கு இருக்கிறது என்று தெரியும். சுழலும் பொருளை மறுமுனையில் தாங்கிப் பிடிப்பதற்காகவே இருப்பது அது. தட்டு ஏன் பறக்கிறது என்பதிலும் எந்த மர்மமும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பதால் பறக்கிறது. ஆக, காரணம் கண்முன்னால் இருக்கிறது, அந்தக் காரணத்துக்கான கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அமர்வு அதை மாற்றிவிட்டது. கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதி சொன்னதே சரி என்றது. நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு அது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒன்றை, பாத்திரம் கடையும் அதே வழக்கமான வேலைக்கு, சின்ன மாற்றத்தோடு பயன்படுத்தியிருக்கிறார்கள், இது பட்டறையில் இயல்பாக நடக்கும் மேம்பாட்டுக்கு மேல் போகவில்லை, ஒரு கைவினைஞரின் திறமைக்கு அப்பாற்பட்டதும் இல்லை என்பது அதன் சாரம். தெரிந்தவற்றைச் சேர்த்தாலும் காப்புரிமை கிடைக்கலாம், ஆனால் அந்தச் சேர்க்கை தன் காலில் நின்று கண்டுபிடிப்பு என்ற தகுதியைக் காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பாக இருந்தாலும் இன்றைக்கும் நம் நீதிமன்றங்களில் இதை எடுத்துக்காட்டாத வாதம் அபூர்வம்.

இனி நின்ற காப்புரிமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரைன்லேண்டர் என்ற ஊரின் காகித ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் வில்லியம் ஐபெல். செய்தித்தாள் காகிதம் ஃபோர்ட்ரினியர் என்ற இயந்திரத்தில் ஓடும். நீரில் மிக நெகிழக் கரைத்த மரக்கூழ், முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி வலைமேல் வந்து விழும். வலை முன்னோக்கி ஓட ஓட நீர் கீழே வடியும், நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இயந்திரங்கள் நிமிடத்துக்கு 500 அடி வாக்கில் வந்து முட்டி நின்றன. அதற்கு மேல் ஓட்டினால் தாள் கெட்டது. கூழ் விழுந்த இடத்தில் அலை அலையாக மடிப்பு எழும்பும், நார் சீராகப் படியாது, தாள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும்.

ஐபெல் வலை தொடங்கும் முனையை உயர்த்தினார். வலை சாய்ந்தது, கூழ் தன் எடையாலேயே சரிவில் வேகமாக ஓடியது, வலையின் வேகத்தோடு கூழின் வேகமும் ஒத்துப்போனது. மடிப்பு போயிற்று. இயந்திரங்கள் 600 அடியைத் தாண்டி ஓட ஆரம்பித்தன. 1907இல் காப்புரிமை கிடைத்தது.

வழக்கு வந்தபோது எதிர்த்தரப்பு சொன்னது நீங்கள் கேட்பதைப் போன்றதுதான்: வலையைச் சாய்ப்பது புதிதா என்ன? உண்மையில் புதிதில்லை. ஐபெல்லுக்கு முன்பே காகித ஆலைகளில் வலைக்குச் சாய்வு கொடுத்துவந்தார்கள், சாய்வைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது, பழைய காப்புரிமைகளிலும் அது இருந்தது. முதல் நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று முடித்துவைத்தது. எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். அதற்கு முன் அந்த நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர் அவர்.

அவர் பிடித்த புள்ளி இது. முன்னால் இருந்தவர்கள் சாய்வு கொடுத்தது நீர் வடிவதைச் சரிப்படுத்த. தாள் கெடுவதற்குக் காரணம், கூழ் வலையைவிட மெதுவாக ஓடுவதும் வலை அதை இழுத்துக்கொண்டு போவதும்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐபெல் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தார், பிறகு தெரிந்த கருவியை அதற்குப் பொருத்தினார். தெரிந்த கோளாறுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்ததாக இதைப் பார்க்க முடியாது, கோளாறின் மூலத்தைக் கண்டறிந்ததே கண்டுபிடிப்பு என்றது நீதிமன்றம். காகிதத் தொழில் அந்த முறையைச் சட்டென்று ஏற்றுக்கொண்டதையும் சான்றாக எடுத்துக்கொண்டது.

இரண்டிலும் கருவி பழையது: ஒன்றில் டெயில்ஸ்டாக், மற்றதில் சாய்வு. இரண்டிலும் வேகம் கூடியது, பொருள் நன்றாக வந்தது. வெறும் அட்டவணை போட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மிர்சாபூரில் தட்டு பறப்பதன் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது, டெயில்ஸ்டாக் செய்ததும் அதன் வழக்கமான வேலைதான். ரைன்லேண்டரில் காரணம் யாருக்கும் தெரியாது, சாய்வு செய்ததும் அதுவரை அதனிடம் யாரும் கேட்டிராத வேலை.

நீங்கள் எடுத்துவைத்திருக்கும் மூன்று ஆவணங்களையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். இரண்டாவது படி பழைய காப்புரிமையில் இருக்கிறது, சரி. அங்கே அது எதற்காக இருக்கிறது? உங்களைத் தொந்தரவு செய்யும் காப்புரிமையில் எதற்காக இருக்கிறது? ஒரே நோக்கம் என்றால் உங்கள் வாதம் பலமானது. நோக்கமே வேறு என்றால், அந்தப் படியை இங்கே கொண்டுவர ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்கும் என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

வெப்பநிலை, அமிலச் செறிவு, அழுத்தம், நேரம் என்று எண்களில் மட்டும் வித்தியாசம் இருக்கும் காப்புரிமைகளிலும் இதே அளவுகோல்தான். அமெரிக்காவில் 1955இல் முடிந்த ஆலர் வழக்கு ஃபீனால் தயாரிப்பு பற்றியது. பழைய முறையில் 100 டிகிரி செல்சியஸ், 10 சதவீத சல்பூரிக் அமிலம். விண்ணப்பித்தவர்கள் கேட்டது 40 முதல் 80 டிகிரி வரை, 25 முதல் 70 சதவீத அமிலம் வரை. விளைச்சல் கூடுகிறது என்றார்கள். நீதிமன்றம் கொடுக்கவில்லை. பொதுவான நிலைமைகள் ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, வழக்கமான சோதனைகளால் நல்ல அளவைத் தேடிப் பிடிப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்றது. வெப்பநிலையும் செறிவும் ஒரு வேதிவினையைப் பாதிக்கும் என்பது எந்த வேதியியலாளருக்கும் தெரிந்தது. கூட்டிக் குறைத்துப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை.

1977இல் வந்த ஆன்டனி வழக்கில் முடிவு மறுபக்கம் போனது. அது கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சுழலும் தட்டுச் சாதனம். தொட்டியின் கொள்ளளவுக்கும் தட்டுகளின் பரப்புக்கும் இடையே ஒரு விகிதத்தைக் கோரியிருந்தார்கள். அந்த விகிதம் சுத்திகரிப்புத் திறனைத் தீர்மானிக்கிறது என்பதே அதற்கு முன் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பலனைப் பாதிக்கும் என்று தெரியாத ஒன்றை யார் உட்கார்ந்து கூட்டிக் குறைத்துப் பார்க்கப் போகிறார்கள்? காப்புரிமை கிடைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஐபெல்லின் சாய்வு என் நினைவுக்கு வருவது இங்கேதான்.

சரி, 'தொழில் தெரிந்த ஒருவர்' என்கிறோமே, அவர் யார்? அவர் மேதையும் இல்லை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இல்லை. அந்தத் துறையின் வழக்கமான அறிவு முழுவதும் உள்ளவர், வெளியான ஆவணங்களைப் படித்தவர், கையில் திறமை உள்ளவர். மிர்சாபூர் தீர்ப்பு அவரைச் சாதாரணத் தொழிலாளியிலிருந்து பிரித்து, தேர்ந்த கைவினைஞர் அல்லது பொறியாளர் என்ற இடத்தில் வைக்கிறது. காப்புரிமை பற்றித் தெரியாமல், அது தீர்த்த சிக்கலை மட்டும் எதிர்கொள்ளும் அவரிடம் பழைய ஆவணத்தைக் கொடுத்தால், 'எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது' என்று சொல்வாரா என்று கேட்டுப் பார்க்கிறது. இவரை முட்டாளாக்கிவிடவும் கூடாது. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத்தான் அழுத்திச் சொன்னது. இரண்டு பழைய விஷயங்களைச் சேர்க்கச் சொல்லி எங்காவது எழுதியிருந்தால்தான் சேர்ப்பார் என்று பார்க்க வேண்டியதில்லை, அவருக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு, தொழிலின் பொது அறிவும் ஒரு காரணமாகலாம். உங்களுக்குச் சாதகமான கருத்து இது. ஆனால் 'பொது அறிவு' என்று வெறுமனே எழுதிவைத்தால் எடுபடாது, பாடநூலோ கையேடோ தொழிலில் இருப்பவரின் வாக்குமூலமோ வேண்டும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு வேறுபாட்டைக் கறாராகப் பார்ப்பார்கள்: செய்திருக்க முடியுமா என்பது ஒன்று, செய்திருப்பாரா என்பது வேறொன்று. முடியும் என்பதை நிரூபிப்பது சுலபம், எதையும் எதோடும் சேர்க்க முடியும். செய்திருப்பார் என்பதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். எந்த நாட்டு வாதமாக இருந்தாலும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

பின்னறிவு, அதாவது விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது, அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். நீங்கள் அந்த மூன்று ஆவணங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? காப்புரிமையின் கிளெய்மை, அதாவது எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் பகுதியைப் படித்து, அதில் இருந்த சொற்களைக் கொண்டே தேடியிருப்பீர்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு தேடிய தேடல் அது. அந்தத் தேதியில் இருந்த பொறியாளரிடம் அந்தச் சொற்கள் இல்லை, சிக்கல் மட்டுமே இருந்தது. ஆகவே இன்னொரு தடவை, சிக்கலை மட்டும் வைத்துத் தேடுங்கள். 'பூச்சு உரிகிறது', 'கலவை கட்டி தட்டுகிறது' என்று தேடும்போது அதே ஆவணங்கள் வந்தால் உங்கள் வழக்குக்கு உயிர் இருக்கிறது. வராமல் வேறு திசையில் போகும் பத்து ஆவணங்கள் வந்தால், எதிர்த்தரப்பு அவற்றைத்தான் உங்கள்மேல் திருப்பும்.

அப்படித் திரும்பியதற்குப் பெயர் பெற்ற வழக்கு ஆடம்ஸின் மின்கலம். மெக்னீசியம் ஒரு முனை, குப்ரஸ் குளோரைடு மறுமுனை, தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும். ஒவ்வொரு பாகமும் தெரிந்ததுதான். ஆனால் அப்போதிருந்த அறிவு இப்படிச் செய்யாதே என்றுதான் எச்சரித்தது, நிபுணர்களும் முதலில் நம்பவில்லை. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை உறுதிசெய்தது. உங்கள் ஆவணங்களில் ஏதாவது ஒன்று 'இந்தச் சூட்டுக்கு மேல் போகாதே', 'இந்த இரண்டையும் கலக்காதே' என்று சொல்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். அட்டவணை போடும் அவசரத்தில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சந்தையில் நன்றாக விற்றது என்று அவர்கள் சொன்னால் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். விளம்பரத்தால் விற்றதா, முறையால் விற்றதா என்று கேளுங்கள். ஆனால் அந்தத் தொழிலில் உள்ள போட்டியாளர்களே பழைய முறையை விட்டுவிட்டு இதற்கு மாறினார்கள் என்றால் அது கனமான சான்று.

நம் சட்டத்தில் இது எங்கே வருகிறது என்றால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவில். ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அதோடு அந்த அம்சம் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். 'செலவு குறைகிறது, பொருளாதார முக்கியத்துவம் இருக்கிறது, ஆகவே போதும்' என்று சிலர் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எளிதில் தோன்றாதது என்ற நிபந்தனை எப்போதும் கூடவே வரும். 2015இல் ரோஷ், சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஐந்து படியாகச் சோதிக்கச் சொன்னது: துறை தெரிந்தவர் யார், கண்டுபிடிப்பின் கரு என்ன, அந்தத் தேதியில் அவருடைய பொது அறிவு என்ன, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் (அது சாதாரணப் பிரயோகம்தானா), பின்னறிவைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் அவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா. உங்கள் வாதத்தை இந்த வரிசையிலேயே எழுதினால் படிப்பவருக்குச் சுலபம்.

ஒப்பிடும்போது, கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரையை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். கிளெய்மில் உள்ள ஒவ்வொரு சொல்லும்தான் கணக்கு. செய்முறைக் கிளெய்மில் படிகளின் வரிசையும் ஒரு அம்சமாக இருக்கலாம். முதலில் உலர்த்தி அப்புறம் அழுத்துவது பழையது, முதலில் அழுத்தி அப்புறம் உலர்த்துவது கிளெய்ம் என்றால், வரிசை மாறியதால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் 'இரண்டும் ஒன்றுதான்' என்று எழுதக்கூடாது. எதுவும் நடக்கவில்லை என்றால் அதைச் சோதித்துக் காட்டுங்கள், அது உங்களுக்கு நல்ல ஆயுதம்.

அடுத்து, தேதி. காப்புரிமை வழங்கப்பட்டது என்ற விவரம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகி ஓராண்டு ஆகவில்லை என்றால், சம்பந்தப்பட்ட நபர் என்ற முறையில் காப்புரிமை அலுவலகத்திலேயே 25(2) பிரிவின்படி எதிர்ப்பு மனு போடலாம். செலவு குறைவு, தொழில்நுட்பம் தெரிந்தவர்களே கேட்பார்கள். ஓராண்டு தாண்டிவிட்டது என்றால் 64ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. அவர்கள் உங்கள்மேல் வழக்குப் போட்டுவிட்டால் அதிலேயே எதிர்க்கோரிக்கையாக ரத்து கேட்கலாம், மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். எந்த வழியானாலும் அவர்களுடைய முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதிக்கு) முன் வெளியானவை மட்டுமே உங்களுக்கு உதவும். மூன்று ஆவணங்களின் வெளியீட்டுத் தேதிகளையும் முதலில் சரிபாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் அந்தப் படி எதற்காகச் சொல்லப்பட்டிருக்கிறது என்ற பத்தியைத் தனியாக எடுத்து, அட்டவணையில் நான்காவது நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது அவர் முதலில் படிக்க வேண்டியது அந்த நெடுவரிசையைத்தான்.